மாணாக்கரோடு வாழ்ந்த ஆசான்

ஊரைவிட்டு இந்நகருக்குப் புதிதாக வந்து சேரும் தம்பி தங்கையருக்கு மூத்த மாணவர் வழிகாட்டுவது எப்படி என்பதுபற்றி இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். அறிவுரை எழுதுவது எனக்கு வராது. எழுதினாலும் படிப்பவர் இல்லை என்பதை நம் சங்கத்தின் பழைய மலர்களே சொல்லும். ஆகவே அறிவுரைக்கு ஈடாக ஒருவருடைய வாழ்க்கையை எழுதுகிறேன்.

சியால்தா நிலையத்துக்கு வடக்கே நீண்டு செல்லும் சாலையை நம்மில் பலர் நாள்தோறும் பேருந்தில் கடக்கிறோம். அதன் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர் யாருடையது என்று நின்று கேட்டவர் சிலரே. ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் என்பது அப்பெயர். அந்நாளில் அதற்கு மேல் வட்டச் சாலை என்று பெயர். அச்சாலையில் 92-ஆம் எண்ணுள்ள விஞ்ஞானக் கல்லூரிக் கட்டிடத்தின் மாடியில் ஓர் அறையில்தான் அவர் தம் வாழ்வின் பிற்பகுதியைக் கழித்தார், அங்கேயே மறைந்தார்.

இரசாயனம் பயில்வோர் அவரை மெர்க்குரஸ் நைட்ரைட்டைத் தயாரித்தவர் என்று அறிவர். தொழில் வரலாறு படிப்போர் வங்காள இரசாயனத் தொழிற்சாலையை நிறுவியவர் என்பர். இந்து இரசாயன வரலாறு என்னும் பெருநூலை இரண்டு தொகுதிகளாக எழுதியவர் என்பர் நூலறிவுடையோர். மூன்றும் உண்மையே. ஆயினும் அவர் தேடிய செல்வம் யாது என்ற கேள்வி எழுந்தபோது இம்மூன்றில் ஒன்றையும் அவர் காட்டவில்லை. 1916-இல் பிரெஸிடென்ஸி கல்லூரியை விட்டு விடைபெற்றபோது, பண்டை ரோமாபுரியில் கொர்னீலியா என்னும் தாய் தன் பிள்ளைகளையே தன் அணிகலன்கள் என்று காட்டிய கதையை எடுத்துச் சொல்லித் தம் மாணாக்கரைச் சுட்டினார். மணம் புரியாத மனிதர் அவர். அச்சொல் மேடை அலங்காரமாக வந்ததா, உள்ளத்திலிருந்து வந்ததா என்பதற்கு அதற்கு முந்திய இருபத்தேழு ஆண்டுகளும் பிந்திய இருபத்தெட்டு ஆண்டுகளும் சான்று.

1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் அன்றைய ஜெஸ்ஸூர் மாவட்டத்து ராருலி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பின்னாளில் குல்னா மாவட்டத்தில் சேர்ந்த அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. தந்தை ஹரிஷ் சந்திரர் நிலக்கிழார். பாரசீகமும் ஆங்கிலமும் அறிந்தவர். ஊரிலேயே பள்ளி ஒன்று நடத்தியவர். வீட்டில் நல்ல புத்தகசாலையும் வைத்திருந்தார். பிள்ளைகளின் படிப்பை எண்ணி 1870-இல் குடும்பத்தோடு கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். சிறுவன் பிரபுல்லன் ஹேர் பள்ளியில் சேர்ந்தான்.

1874-இல் அவனைக் கடுமையான சீதபேதி பற்றியது. பள்ளியை விட்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே கிடக்க நேர்ந்தது. செரிமானக் கோளாறும் தூக்கமின்மையும் அன்று தொடங்கிச் சாகும்வரை அவரை விடவில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளே அவரை ஆக்கின என்று நான் எண்ணுகிறேன். தந்தையின் அலமாரிகள் திறந்து கிடந்தன. இன்னதைப் படி, இன்னதைப் படிக்காதே என்று சொல்ல ஆள் இல்லை, தேர்வு இல்லை, மணி அடிப்பதில்லை. பெரியோர் வாழ்க்கை வரலாறுகளையும் சரித்திரங்களையும் இலக்கியத்தையும் பையன் விழுங்கினான். இலத்தீன் மொழியைத் தானே கற்றான். அச்சுக்கூடத்தில் எடுபிடியாய்த் தொடங்கி உயர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினுடைய வாழ்க்கை அவன் உள்ளத்தில் பதிந்தது. இக்காலத்துத் தந்தையாயின், இரண்டு ஆண்டு வீணாயிற்றே என்று கவலைப்பட்டுப் படுக்கையருகிலேயே பயிற்சி ஆசிரியரை உட்கார்த்தியிருப்பார். ஹரிஷ் சந்திரர் அப்படிச் செய்யவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளப் பிள்ளையை விட்டு, கேட்டபோது மட்டும் பேசிய அத்தந்தையே பிரபுல்ல சந்திரருக்கு முதல் வழிகாட்டி.

பள்ளியை முடித்தபின் 1879-இல் வித்தியாசாகரர் நிறுவிய மெட்ரோபாலிடன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே விஞ்ஞானம் கற்க வசதி குறைவு. ஆதலால் பிரெஸிடென்ஸி கல்லூரிக்குச் சென்று, வெளி மாணவராக அமர்ந்து அலெக்ஸாண்டர் பெட்லரின் இரசாயன விரிவுரைகளைக் கேட்டார். பெட்லர் சோதனைகளைச் செய்துகாட்டுவதில் வல்லவர். பார்த்தது போதாமல், பிரபுல்ல சந்திரரும் நண்பர் ஒருவரும் தங்குமிடத்திலேயே சிறு ஆய்வுக்கூடம் அமைத்தனர். தெருவில் போன தகரக்காரனைக் கொண்டு மெல்லிய தகரத்தில் ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் ஊதுகுழல் ஒன்று செய்வித்தனர். அது பேரோசையுடன் வெடித்தது. இருவரும் காயமின்றிப் பிழைத்தது நல்லூழ். வாயுக்களைக் கலக்குமுன் நம் விடுதித் தோழர்கள் இதை நினைவிற் கொள்க.

1882-இல் கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளத்தை வென்று எடின்பரோ சென்றார். இந்தியா முழுவதிலிருந்தும் அவ்வாண்டு அதைப் பெற்றவர் இருவரே. அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் அலெக்ஸாண்டர் கிரம் பிரவுன். மூலக்கூறுகளில் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் கோடிட்டுக் காட்டும் முறையை வளர்த்தவர்களுள் அவர் ஒருவர். இன்று நாம் கரும்பலகையில் போடும் கோடுகளில் அவர் கை உண்டு. கடல் கடந்து வந்த மெலிந்த வங்காளி மாணவனை அவர் நண்பனைப்போல நடத்தினார். 1885-இல் பல்கலைக் கழகம் வைத்த கட்டுரைப் போட்டிக்கு, சிப்பாய்ப் புரட்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா இருந்த நிலை என்னும் பொருள்பற்றி இம்மாணவர் ஆங்கில ஆட்சியைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பரிசு கிடைக்கவில்லை. ஆயினும் அதனால் அவர் படிப்புக்கு ஊறு எதுவும் நேரவில்லை, 1887-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார், பல்கலைக் கழக இரசாயனச் சங்கத்தின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தப் பட்டம் அவருக்குத் தாய்நாட்டில் என்ன தந்தது? 1888-இல் திரும்பியவருக்கு ஏறக்குறைய ஓராண்டு வேலை இல்லை. ஜகதீச சந்திர போஸின் வீட்டில் தங்கிக் காலம் கழித்தார். உயர்ந்த கல்விப் பணி ஆங்கிலேயருக்கே என்று இருந்த காலம். 1889-இல் பிரெஸிடென்ஸி கல்லூரியில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் தற்காலிக உதவிப் பேராசிரியராகச் சேர்த்துக்கொண்டார்கள். இந்தத் தகுதிக்கு இந்த ஊதியமா என்று கேட்டபோது, வாழ்க்கையில் வேறு தொழில்களும் உண்டு, இதை ஏற்கும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற பொருள்பட விடை கூறினார் கல்வித் துறை இயக்குநர். அவமானம் சிலரைக் கசப்பாக்கும். சிலரை வணங்க வைக்கும். இவர் அந்தச் சொல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டார். வேறு தொழிலும் செய்துகாட்டினார். இந்தத் தொழிலையும் விடவில்லை.

அவர் ஆசிரியரான முறைதான் எனக்கு வியப்பு. டாக்டர் பட்டம் பெற்றவர்கள் மேல் வகுப்புகளை நாடுவதே எங்கும் வழக்கம். பிரபுல்ல சந்திரரோ கீழ் வகுப்புகளை விரும்பிக் கேட்டு வாங்கினார். பள்ளியிலிருந்து புதிதாக வருபவன் குயவன் கையில் ஈரமண்போல. எந்த உருவமும் இன்னும் இறுகவில்லை. அப்போது கைவைப்பவனே ஆசிரியன் என்பது அவர் கருத்து. இருபத்தேழு ஆண்டுகள் அப்படியே செய்தார். பாடப்புத்தகத்தை ஒப்பிக்கும் வகுப்பு அன்று அவருடையது. இரசாயனத்தை அதன் வரலாற்றோடு சொன்னார். லவாய்சியரும் டால்ட்டனும் அங்கே மனிதர்களாக வந்து போனார்கள். ஒருநாள் எரித்த எலும்பின் சாம்பலை வகுப்பில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார் என்று மாணாக்கர் நினைவுகூர்வர். தீயில் வெந்தபின் அது வெறும் கால்சியம் பாஸ்பேட். எந்த விலங்கின் எலும்பு என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஆசாரம் மிகுந்த குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த கூடத்தில் அந்த ஒரு சிட்டிகைச் சாம்பல் எத்தனை பாடங்களைச் சொல்லியிருக்கும்!

எலும்புக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு அத்துடன் முடியவில்லை. படித்த இளைஞர் எல்லாரும் குமாஸ்தா வேலைக்கே காத்து நிற்பது அவரை உறுத்தியது. 1892-இல் சுமார் 700 ரூபாய் முதலோடு, மேல் வட்டச் சாலை 91-ஆம் எண்ணுள்ள வாடகை வீட்டில் மருந்து தயாரிக்கத் தொடங்கினார். சோடியம் பாஸ்பேட் செய்ய எலும்பு வேண்டும். இராஜா பஜார் இறைச்சிக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வாங்கி மாடியில் உலர வைத்தார். மழை பெய்தது, புழு நெளிந்தது, காக்கைகள் கூடி எலும்புகளை அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டன. அண்டை வீட்டார் கொதித்தெழுந்தனர். சரக்கை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுபோய் இரவில் எரித்தார்கள். நெருப்பைக் கண்டு வந்த காவலர், கொலையுண்ட உடலை யாரோ எரிக்கிறார்கள் என்று ஐயுற்றனர்! இப்படிப் பிறந்ததுதான் 1901-இல் வரையறுக்கப்பட்ட கம்பெனியாகப் பதிவான வங்காள இரசாயன மருந்துத் தொழிற்சாலை.

இதைச் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். ஆனால் அந்த வீட்டில் சாவும் நிகழ்ந்தது. அவருடைய கூட்டாளி மருத்துவர் அமூல்ய சரண போஸ், அவருடைய மைத்துனர் சதீஷ் சந்திர சின்ஹா. இரசாயனம் கற்ற இளைஞரான சின்ஹா, அரசாங்க வேலையை நாடாமல் இந்தத் தொழிலை நம்பி வந்தவர். ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரோசயனிக் நஞ்சினால் அவர் உயிரிழந்தார். அமூல்ய சரணரை 1898-இல் பிளேக் கொண்டுபோயிற்று. இளைஞரைத் தம் வழியில் அழைப்பவர் அவர்களுடைய ஆபத்தையும் சேர்த்தே அழைக்கிறார். பிரபுல்ல சந்திரர் இதை மறந்தவர் அல்லர். தம் வாழ்க்கை வரலாற்றில் இவ்விருவர் பிரிவையும் வருத்தத்துடன் பதிந்திருக்கிறார். தொழிற்சாலை நின்றது. 1903-இல் அதில் சேர்ந்து நிர்வாகியாக உயர்ந்த ராஜசேகர போஸ் என்னும் இரசாயனப் பட்டதாரி, பின்னர் பரசுராம் என்ற புனைபெயரில் வங்காளத்தின் தலைசிறந்த நகைச்சுவை எழுத்தாளராகி, அம்மொழிக்கு ஓர் அகராதியும் செய்தார். சோதனைக் குழாயிலிருந்து சிறுகதை பிறந்ததைக் குறை சொல்லாத முதலாளி வேறெங்கே கிடைப்பார்?

ஆராய்ச்சிக்கு வருவோம். 1895-இல் பாதரசத்தின்மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை வினைப்படுத்தியபோது மஞ்சள் நிறப் படிகங்கள் படிந்தன. நைட்ரேட் வரவேண்டிய இடத்தில் வந்தது மெர்க்குரஸ் நைட்ரைட். நைட்ரைட்டுகளைத் தொடர்ந்தே அவருடைய ஆராய்ச்சி வாழ்வு பெரும்பாலும் சென்றது. தனியாகத் தொடங்கினார், 1900-ஐ ஒட்டி ஆராய்ச்சி மாணவருக்கு உபகாரச் சம்பளம் ஏற்பட்டதும் ஜதீந்திரநாத் சென் வந்து சேர்ந்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தனர்: ரசிக்லால் தத்தர், நீல்ரத்தன் தர், பிமன் பிஹாரி டே, பிரியதாரஞ்சன் ராய். 1904-இல் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களைப் பார்த்து வந்தவருக்கு ஒன்று விளங்கியது. அங்கே தனி மேதைகள் மட்டும் இல்லை. ஒவ்வொரு மேதையைச் சுற்றியும் ஒரு மாணாக்கர் கூட்டம் இருந்தது. நம் நாட்டில் இல்லாதது அதுவே. அதை உண்டாக்குவதே தம் வேலை என்று கொண்டார்.

எப்படி உண்டாக்கினார்? தம் கையிலிருந்த முடிவுறாத பிரச்சினைகளையே எடுத்துக் கொடுத்தார். கட்டுரை அச்சானபோது தம் பெயரோடு மாணவர் பெயரையும் சேர்த்தார். கொஞ்சம் தேறியதும், தம் பெயர் இல்லாமலே எழுதும்படி தள்ளிவிட்டார்; தத்தரும் தரும் அவ்வாறு தனித்து எழுதினர். ஆராய்ச்சி உலகில் வாழ்பவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய கொடை என்று தெரியும். நான் நேற்று எழுதிய ஒரு பக்கத்தில் யார் பெயர் முதலில் வரும் என்பது இன்னும் முடிவாகவில்லை! அம்மோனியம் நைட்ரைட்டை ஆவியாக்கி அதன் அடர்த்தியை அளந்த செய்தியை 1912-இல் லண்டன் இரசாயனச் சங்கத்தில் அவர் எடுத்துரைத்தார். கேட்டவர் பாராட்டினர், அந்தப் பாராட்டில் மாணாக்கருக்கும் பங்கு இருந்தது. பிரெஞ்சு அறிஞர் சில்வான் லெவி அந்த ஆய்வுக்கூடத்தைப் புதிய இந்தியாவின் இரசாயனிகள் முளைக்கும் நாற்றங்காலாகக் கண்டார்.

1909-இல் பிரெஸிடென்ஸி கல்லூரியில் ஒரு வகுப்பு சேர்ந்தது. அப்படி ஒரு வகுப்பு நம் நாட்டில் வேறெந்தக் கல்லூரிக்கும் வாய்த்ததாக நான் அறியேன். ஞானசந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி, சத்யேந்திரநாத் போஸ் ஆகியோர் அதில் இருந்தனர். 1911-இல் தாக்காவிலிருந்து மேகநாத் சாகா வந்து சேர்ந்தார். சாகா சிற்றூர்க் கடைக்காரர் ஒருவரின் மகன், ஏழை. சாதியின் பெயரால் விடுதியில் உடன் உண்ண மறுத்தவர்கள் இருந்தார்கள். போஸுக்கும் சாகாவுக்கும் கணிதமே முதற்பாடம், இரசாயனம் துணைப்பாடம். தம் துறையில் சேரப்போகாத மாணவனிடம் பேராசிரியர் எவ்வளவு கவனம் செலுத்துவார் என்பது நமக்குத் தெரிந்ததே. பிரபுல்ல சந்திரருக்கு அந்தக் கணக்கு இல்லை. சாதிக் கொடுமையைச் சாடி எழுதியும் பேசியும் வந்த அம்மனிதரிடம், வீட்டிலும் ஆய்வுக்கூடத்திலும் ஒரே பந்தியே இருந்தது. ஊரை விட்டு வந்து, உணவுக்கூடத்தில் தனியே உட்காரும் ஒரு பையனுக்கு அதைவிடப் பெரிய வழிகாட்டல் ஏதும் இருந்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தாரக்நாத் பாலித்தும் ராஷ்பிஹாரி கோஷும் அளித்த பெருங்கொடைகளால், ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியில் விஞ்ஞானக் கல்லூரி எழுந்தது. அந்தப் பேராசிரியர் பதவிகள் இந்தியருக்கே என்பது கொடையின் நிபந்தனை. 1916-இல் பிரபுல்ல சந்திரர் முதல் பாலித் இரசாயனப் பேராசிரியரானார். மறு ஆண்டு பௌதிகத்தில் அதே பெயருள்ள பதவிக்கு நம் சி. வி. ராமன் கணக்குத் துறை உத்தியோகத்தை விட்டு வந்தார்.

இங்கேதான் அந்த அறை வருகிறது. கட்டில், மேசை, நாற்காலி, புத்தக அலமாரி, இவ்வளவே உடைமை. வறிய மாணவர் சிலர் எப்போதும் அவரோடு தங்கியிருந்தனர். அவர் உண்டதையே உண்டனர். பெற்ற பிள்ளைகளைப்போல் அவருக்கு ஏவல் செய்தனர், அவரிடம் ஏச்சும் வாங்கினர். காலையில் படிப்பு; அந்நேரத்தில் யாரும் உள்ளே போகக்கூடாது. பிறகு ஆய்வுக்கூடம். மாலையில் மைதானத்தில் காற்று வாங்கியபடி நண்பரும் மாணவரும் சூழப் பேச்சு. தூக்கமின்மைக்கு அஞ்சி இரவுப் படிப்பை விட்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன்பே, 1901-02-இல் கல்கத்தாவில் கோகலேயுடன் தங்கியிருந்த காந்தியடிகளுக்கு அவரை அறிமுகம் செய்துவைத்த கோகலே, மாதம் 800 ரூபாய் வாங்கி 40 ரூபாயை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பொதுக் காரியங்களுக்குத் தருபவர் என்று சொன்னார். 1921-இல் அறுபது வயது நிறைந்ததும் அந்த நாற்பதும் மிஞ்சவில்லை. அன்று முதல் தம் பல்கலைக் கழகச் சம்பளம் முழுவதையும் இரசாயனத் துறைக்கும் ஆராய்ச்சி மாணவருக்குமாக விட்டுவிட்டார். 1936-இல் ஓய்வு பெறும்வரை பதினைந்து ஆண்டுகள் அப்படியே பணி செய்தார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்த அறையில் தங்கியவர்கள் எல்லாரும் பையன்களே. அதே கல்லூரியில் 1938-இல் எம்.எஸ்ஸி. முடித்து, பின் பேரறிஞராக விளங்கிய அசிமா சாட்டர்ஜியைப் போன்ற பெண்கள் வருவதற்குள் அவர் முதுமை எய்திவிட்டார். மாலை மைதானத்துப் பேச்சில் இடம் பெறும் வாய்ப்பு ஒரு பெண்ணுக்கு அந்நாளில் எங்கே இருந்தது?

இன்னொன்றிலும் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. மேடை ஏறினால் அவர் இளைஞரைக் கடிந்துகொண்டே இருந்தார். பட்டத்தின் மேல் மோகம், வழக்கறிஞர் தொழிலின் மேல் மோகம், அரசாங்க நாற்காலியின் மேல் மோகம் என்று சாடினார். வாணிகம் செய்யுங்கள் என்றார். தாய்மொழியில் கற்பியுங்கள் என்றார். முதலில் எள்ளிய இராட்டையைப் பின்னர்த் தாமே நாள்தோறும் சுற்றினார். பல உண்மைகள் அவற்றில் உண்டு. தாய்மொழிபற்றி அவர் சொன்னது நமக்கும் உறைக்க வேண்டியதே. ஆனால் கேட்டவர் எத்தனை பேர் கடை திறந்தனர்? அவருடைய நெருங்கிய மாணாக்கரே பெரும்பாலும் பல்கலைக் கழகங்களுக்குத்தான் போனார்கள். மேடைப் பேச்சு தோற்றது, அறை வென்றது. சொல்லைக் கேட்டு மாறாதவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்து மாறினார்கள். அலகாபாத்துக்குப் போன நீல்ரத்தன் தர் தம் ஆசானைப் போலவே எளிமையாய் வாழ்ந்து, சேமித்ததை அங்கே மண் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

1922-இல் வட வங்காளத்தைப் பெருவெள்ளம் அழித்தது. அதற்கு முந்திய ஆண்டு குல்னாவில் பஞ்சம். அரசாங்கத்தை எதிர்பாராமல் நிவாரணக் குழு ஒன்றைத் தலைமை ஏற்று நடத்தினார் பிரபுல்ல சந்திரர். விஞ்ஞானக் கல்லூரியே அதன் அலுவலகமாயிற்று. மாணவர் அரிசியும் துணியும் கட்டினர், கணக்கு எழுதினர், வெள்ளக்காட்டில் படகில் போயினர். சுபாஷ் சந்திர போஸும் அந்தப் பணியில் இருந்தார். அங்கே உழைத்தவர்களுள் ஒருவர் மேகநாத் சாகா. விண்மீன்களின் ஒளிக்கற்றையிலிருந்து அவற்றின் வெப்பத்தை அறியும் அயனியாக்கச் சமன்பாட்டை 1920-இல் தந்து உலகப் புகழ் பெற்று, ஐரோப்பாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். வெள்ளம் ஏன் வந்தது என்று விஞ்ஞானியின் கண்ணோடு பார்த்து அவ்வாண்டே எழுதினார். ஆறுகளைப்பற்றிய அந்த அக்கறை அவரை விடவில்லை. பிற்காலத்துத் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் வரை அது நீண்டது. வெள்ளத்தைப்பற்றிப் பாடம் நடத்தி இதைச் செய்திருக்க முடியாது.

அவருடைய மாணாக்கர் அவரைக் கடந்து போனார்கள். ஞானசந்திர கோஷ் 1918-இல் வீரிய மின்பகுளிகளுக்கு ஒரு கொள்கை வகுத்தார். கணிதம் நிறைந்த அந்த ஆராய்ச்சி ஆசானுடைய வழி அன்று. 1923-இல் டெபையும் ஹக்கலும் வகுத்த கொள்கை அதன் இடத்தைப் பிடித்தது என்றாலும், கேள்வி சரியான கேள்வி என்று உலகம் ஒப்பியது. கோஷ் பின்னர் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்கும், 1950-இல் தொடங்கிய கரக்பூர்த் தொழில்நுட்பக் கழகத்துக்கும் இயக்குநரானார். சத்யேந்திரநாத் போஸ் 1924-இல் தாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையை நாம் அறிவோம். இவர்கள் யாருடைய துறையிலும் பிரபுல்ல சந்திரர் வல்லுநர் அல்லர். தம் மாணாக்கனிடம் தோற்பதையே ஆசான் விரும்ப வேண்டும் என்று நினைத்தவர் அவர், தோற்றார், மகிழ்ந்தார். 1924-இல் இந்திய இரசாயனச் சங்கம் பிறந்தபோது அவரையே முதல் தலைவராக்கினார்கள். 1932-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றை அவர் இந்திய இளைஞருக்கு உரிமையாக்கினார்.

அந்த நாற்றங்காலிலிருந்து ஒரு நாற்று நம் பக்கமும் வந்து நட்டது. பிமன் பிஹாரி டே சென்னை பிரெஸிடென்ஸி கல்லூரியில் இரசாயனப் பேராசிரியரானார். ஆராய்ச்சி என்பது சீமையில் நடப்பது என்று இருந்த நாளில் அங்கே மாணவர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு வேலை செய்தார். குளித்தலையில் 1900-இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி அவரிடம் ஆராய்ச்சி தொடங்கி, பின் மான்செஸ்டரில் ராபின்சனிடம் பயின்று, வால்ட்டேரிலும் 1949 முதல் டெல்லியிலும் இயற்கை நிறப்பொருள்களை ஆராயும் பெரும் மாணாக்கர் பரம்பரையை உண்டாக்கினார். டி. ஆர். கோவிந்தாச்சாரி டேயிடம் பயின்று 1946-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். இரசாயனம் படிக்கும் தமிழ் மாணவர் பலருக்கு, ஆசிரியரின் ஆசிரியரைத் தேடிக்கொண்டே போனால், ராருலி ஊர்ப் பெரியவர் எங்காவது எதிர்ப்படுவார். என் ஆசிரியரிடம் இதைக் கேட்டு நானும் ஒரு காகிதத்தில் வரிசை எழுதிப் பார்த்தேன். நான்காவது பெயர் அவருடையது.

ஓய்வுக்குப் பின்னும் பல்கலைக் கழகம் அவரைக் கௌரவப் பேராசிரியராக வைத்துக்கொண்டது. அறையும் அவரிடமே இருந்தது. சேர்த்திருந்த சிறு தொகையிலிருந்தும் இரசாயனத்துக்கு நாகார்ஜுனர் பெயரால் ஒரு பரிசும், உயிரியலுக்கு ஆசுதோஷ் முகர்ஜி பெயரால் ஒரு பரிசும் நிறுவிவிட்டார். உடல் மெலிந்தது, நடை நின்றது. 1943-இல் வங்காளத்தில் மீண்டும் பஞ்சம் வந்தபோது, முன்போல் எழுந்து போக அவரால் இயலவில்லை. 1944-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அந்த அறையிலேயே உயிர் நீத்தார். அப்போது அதே கல்லூரியில், 1938 முதல் பௌதிகத்துக்குப் பாலித் பேராசிரியராக இருந்தவர் மேகநாத் சாகா.